பாலத்துல ஜேம்

ஜொகூர் பாரு
28 ஜனவரி 2024

அன்புத் தம்பி திருவுக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவும் நானும் இருக்கிறோம், பெரிதாகக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. உன் முதுகு வலி எப்படி? கேட்டால் அங்கே மருந்து கொடுக்கிறார்களா? தைப்பூசத்தன்று உன் பெயருக்கு அர்ச்சனை செய்யச் சொல்லி அம்மா என்னைக் கோயிலுக்கு விரட்டிவிட்டார்.

செனாய் ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டேன். பதறாதே, நல்ல செய்திதான். ஓர் அறநிறுவனம் எனக்கு ஃபெல்லோஷிப் கொடுத்திருக்கிறது. நகரத்துக்குள்ளேயே யாரும் எட்டிப் பார்க்காத குடியிருப்புகள் இருக்கின்றன அல்லவா, நம் பிளாட் மாதிரி? அங்கேயே குடியிருக்கிற ஒருவர் ஒரு வருடம் முழுநேரமாக ஏதாவது ஒரு சேவை செய்ய வேண்டும். மாதச் செலவுக்கும் வேலைக்கு வேண்டிய சாமானுக்கும் அவர்கள் பொறுப்பு. "உங்க ஏரியாவுல பெரிய பிரச்சினை என்ன?" என்று நேர்முகத்தில் மிஸ் ஷாமளா கேட்டார். அவர்தான் அங்கே அதிகாரி. "லிப்ட்" என்றேன். சிரித்தார். லிப்ட் ஓயாமல் கெட்டுப்போவதையும், அதனால் ஒரு நாள் அம்மா ஒன்பதாவது மாடியிலிருந்து இறங்க முடியாமல் டயாலிசிஸ் தவறிப்போய் மூச்சுக்குத் தவித்ததையும் சொன்னேன். அப்புறம் அவர் சிரிக்கவில்லை. நோயாளிகளை உட்காரவைத்துப் படியில் தூக்கி இறக்க ஒரு நாற்காலியும், தூக்குவதற்கு ஆள் பழக்கிவிடுவதும், இதுதான் என் திட்டம்.

குடும்பத்தைப் பற்றிக் கேட்டார்கள். தம்பிக்குச் சிங்கப்பூரில் வேலை என்று சொல்லிவிட்டேன். நான்கு வருடமாக அம்மா பிளாக் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிற அதே கதைதான். ஜொகூரில் கண்ணில் படாத பிள்ளைகள் எல்லோரும் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில்தானே இருக்கிறார்கள்! கோபித்துக்கொள்ளாதே.

அம்மாவின் ஆசியோடு,
அக்கா ரூபினி


19 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். ஆகவே முதுகு வலிக்கிறது, சோறு இறங்குகிறது, தூக்கம் வருகிறது என்று எழுதுகிறேன். அம்மாவுக்குக் கால் வீக்கம் குறைந்ததா?

ஃபெல்லோஷிப் செய்தியைப் படித்துவிட்டு இங்கே எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். சிங்கப்பூரில் எனக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறாய்? கொடுப்பதுதான் கொடுக்கிறாய், சூப்பர்வைசராகப் போடு. உன்மேல் கோபம் இல்லை. ஒரு அடிதடியில் ஒரு மனுஷன் செத்துப்போனான், அடித்த கைகளில் என் கையும் ஒன்று. இதை அம்மா எப்படி லிப்டுக்குள் நின்றுகொண்டு நாலு பேரிடம் சொல்வார்?

ஒரு விஷயம் மட்டும் கேட்கிறேன். என்னோடு ஒரே செல்லில் காளிதாஸ் என்று லாபிஸ் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். போன மாதம் அவருடைய அப்பா தவறிவிட்டார். வீட்டிலிருந்து உடனே இங்கே போன் செய்து, ஆஸ்பத்திரி தாளையும் காட்டி அனுமதி கேட்டார்கள். இரண்டு அதிகாரிகள் கூட்டிக்கொண்டு போனார்கள். கைவிலங்கின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டார்களாம். கொஞ்ச நேரம்தான். திரும்பி வந்த அன்று இரவு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்புறம், "கால தொட்டுட்டேன் தம்பி, அது போதும்" என்றார்.

அம்மாவுக்கு ஒன்று என்றால் நீ உடனே இங்கே போன் போட வேண்டும். விடுவதும் விடாததும் அவர்கள் கையில். கேட்பது உன் கையில். உள்ளே வந்த பிறகு நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. இதை மட்டும் கேட்கிறேன்.

நீயும் நேரத்துக்குச் சாப்பிடு.

உன் தம்பி,
திரு


ஜொகூர் பாரு
24 மார்ச் 2024

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், நீ கேட்டதை மட்டும் விட்டுவிட்டு. அதை நான் மறக்கமாட்டேன். கண்டிப்பாகச் செய்வேன். கால் வீக்கம் இருக்கிறது. ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

நாற்காலி வந்துவிட்டது. அதில் ஒரு கூத்து நடந்தது, கேள். அதற்கு நான்கு கைப்பிடி, நான்கு பேர் தூக்க வேண்டும். ஆறாவது மாடி கிருஷ்ணம்மா பார்த்ததும் கத்திய கத்தலில் பக்கத்து பிளாக்கே எட்டிப் பார்த்தது. "நாலு பேரு தூக்கிட்டுப் போறதுக்கு நான் என்ன செத்தா போயிட்டேன்? எடுத்துட்டுப் போங்கடி அத!" அவ்வளவுதான், ஒருவரும் உட்காரவில்லை. அலமாக், வருட ஆரம்பத்திலேயே என் ஃபெல்லோஷிப் படுத்துவிட்டது என்று தலையில் கை வைத்துக்கொண்டேன்.

எதிர் வீட்டு அர்ச்சுனன் அண்ணன்தான் யோசித்துச் சொன்னார். "அப்ப மூணு பேரு தூக்குவோம். மேல ஒருத்தரு, கீழ ரெண்டு பேரு." லோரியில் மூட்டை தூக்கிய உடம்பு அவருக்கு. முதலில் அம்மாதான் உட்கார்ந்தார். "தூக்குங்கடா, எனக்கு டயாலிசிஸுக்கு நேரமாவுது" என்று அதிகாரம் வேறு! அதன் பிறகு கிருஷ்ணம்மாவும் வந்து உட்கார்ந்தார். பார்க்க வந்த மிஸ் ஷாமளா, கைப்பிடி நான்கு இருக்கும்போது ஆள் ஏன் மூன்று என்று கேட்டார். "நாலாவது ஆளு வந்தா யாரும் உட்கார மாட்டாங்க லா, மிஸ்" என்றார் அண்ணன். அவரும் விளங்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் இலகுவான நாற்காலியாக மாற்றித் தந்தார்.

முதுகுக்கு வெந்நீர் கிடைத்தால் ஒத்தடம் கொடு.

அக்கா


20 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. வெந்நீர் ஒத்தடமா? இதென்ன ஹோட்டலா! ஆனாலும் நீ எழுதியதே ஒத்தடம் மாதிரி இருந்தது.

கிருஷ்ணம்மா கதையை இங்கே படித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்புறம் படுத்துக்கொண்டு யோசித்தேன். அம்மாவைத் தூக்கும் மூன்று பேரில் ஒருவன் நானாக இருந்திருக்க வேண்டும். ஊரார் பிள்ளைகள் தூக்குகிறார்கள். அர்ச்சுனன் அண்ணனுக்கு என் வணக்கம். சிங்கப்பூரிலிருந்து சொன்னதாகவே சொல்.

இங்குள்ள அலுவலகத்தின் போன் நம்பரை எழுதி வைத்துக்கொண்டாயா? பதிலில் மறக்காமல் எழுது.

திரு


ஜொகூர் பாரு
30 ஜூன் 2024

அன்புத் தம்பிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் வேண்டுதல். எழுதத் தாமதம், மன்னித்துக்கொள். காலையில் படி இறங்க ஆரம்பித்தால் இருட்டும்வரை கால் நிற்பதில்லை. பக்கத்து பிளாக்கிலும் கூப்பிடுகிறார்கள். பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியை வலி எடுத்த நேரத்தில் இறக்கினோம், ஆண் குழந்தை. அம்மா கொஞ்சம் தளர்ந்திருக்கிறார். நாற்காலியில் அதிகாரம் பண்ணுவது குறைந்துவிட்டது.

கீழே நாசி லெமாக் சோறு விற்கிற பேச்சியம்மாள் அக்கா உன்னை விசாரித்தார். "திரு நல்லா இருக்கானா? வேளா வேளைக்குச் சாப்பாடு கெடைக்குதா?" என்றார். எந்த கம்பெனி, என்ன சம்பளம் என்று ஒன்றும் கேட்கவில்லை. ஒரு டப்பா முறுக்கைக் கையில் கொடுத்து, எப்படியாவது உனக்குச் சேர்த்துவிடச் சொன்னார்.

அறநிறுவனம் ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்திருக்கிறது. என் படம் போட்டு, நோயாளித் தாய், சிங்கப்பூரில் உழைக்கும் தம்பி என்று எழுதியிருக்கிறார்கள். எல்லோரும் வாங்கிப் பார்க்கிறார்கள். இப்போது எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் திறக்கிறார்கள். வீட்டுச் சாவியைக்கூட என்னிடம் விட்டுப் போகிறார்கள், திரு. பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து எனக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. நினைத்தால் பயமாகவும் இருக்கிறது. இரண்டாவது வருடத்துக்கும் நீட்டிப்பார்களா என்று நவம்பரில் தெரியும்.

இந்த மாதமும் உன்னைப் பார்க்க வர முடியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


22 ஜூலை 2024

அக்காவுக்கு,

நான் இருக்கிறேன். அம்மா தளர்ந்துவிட்டார் என்று ஒரு வரியில் எழுதிவிட்டு, புத்தகத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறாய். முறுக்கு எங்கே? நீயே தின்று தீர்த்துவிட்டாயா?

போன் நம்பரை எழுதி வைத்தாயா என்று கேட்டேன். பதில் இல்லை. பார்க்க வந்தால் நேரில் கேட்பேன் என்றுதான் வராமல் இருக்கிறாயா? நேராகவே கேட்கிறேன். விலங்கோடு நான் அந்த பிளாக் வாசலில் இறங்கினால் உனக்கு அசிங்கமா? ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுது. எனக்கு ரோஷம் எல்லாம் எப்போதோ போய்விட்டது. அம்மா முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அம்மாவுக்கு என் முத்தம்.

திரு


ஜொகூர் பாரு
29 செப்டம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

உனக்குச் சுகம் உண்டாகட்டும். அம்மாவுக்கு நெஞ்சில் நீர் கோத்து இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்து எடுத்தோம். இப்போது வீட்டில்தான் இருக்கிறார். கஞ்சி குடிக்கிறார். நீ எழுதியது போலெல்லாம் இல்லை, திரு. அப்படி நினைக்காதே. வேலை அதிகம், அதனால்தான்.

முறுக்கை அங்கே உள்ளே விடமாட்டார்களாம். அம்மா ஒன்று தின்றார்.

அக்கா


27 அக்டோபர் 2024

அக்காவுக்கு,

உனக்கும் அம்மாவுக்கும் தீபாவளி வாழ்த்து. பண்டிகைக்காவது வருவாய் என்று ஒவ்வொரு முறை பெயர் கூப்பிடும்போதும் எழுந்து நின்றேன். சரி, விடு.

அம்மா பேசுகிற மாதிரியே இரண்டு வரி எழுதி அனுப்பு. திட்டினாலும் பரவாயில்லை, அப்படியே எழுது.

திரு


ஜொகூர் பாரு
1 டிசம்பர் 2024

திரு,

உடம்பு எப்படி என்று கேட்கக்கூட எனக்குக் கை வரவில்லை. உட்கார்ந்துகொண்டு படி.

அம்மா போய்விட்டார். நவம்பர் இருபத்தொன்றாம் தேதி, வியாழக்கிழமை விடியும்போது, ஆஸ்பத்திரியில். கடைசியில் வலி இல்லை. "அவன் சாப்பிட்டானா?" என்று முந்தின நாள் கேட்டார். சாப்பிட்டான் என்றேன்.

உனக்காக நான் போன் போடவில்லை. சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் சொன்ன அன்றே நம்பரை அழுத்தினேன். மணி அடித்தது. வைத்துவிட்டேன். மறுநாளும் அப்படித்தான். நீட்டிப்பு வரப்போகிற வாரம் அது. நீ கேட்டாயே, அசிங்கமா என்று. ஆமாம் திரு. அன்றைக்கு எழுதாததை இன்றைக்கு எழுதுகிறேன்.

கீழே கூடாரம் போட்டு அம்மாவைக் கிடத்தினோம். பிளாக்கே திரண்டுவிட்டது, மிஸ் ஷாமளாவும் மாலையோடு வந்திருந்தார். மதியம் எல்லாச் சடங்கும் முடிந்து எடுக்கிற நேரத்தில் அர்ச்சுனன் அண்ணன், "பிள்ள வரட்டும்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். "பாலத்துல ஜேம்" என்றார் பேச்சியம்மாள் அக்கா. "இந்நேரம் மோட்டார் சைக்கிள்ல வந்தாலே ரெண்டு மணி நேரம் ஆவும் லா." இன்னொருவர், "இமிகிரேஷன்ல நிப்பான், பொறுங்க" என்றார். வெயில் கொளுத்தியது. ஒருவரும் உட்காரவில்லை. எல்லாக் கண்ணும் மெயின் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு வண்டி திரும்பினால் எட்டி எட்டிப் பார்த்தார்கள். நீ வரமாட்டாய் என்று தெரிந்த ஒரே ஆள் நான். பாவி, வாயைத் திறக்கவில்லை. சுடுகாட்டிலிருந்து நேரமாகிறது என்று இரண்டு தடவை போன் வந்தது. அப்போதும் அண்ணன், "இன்னும் கொஞ்சம் பாப்போம்" என்றார்.

கடைசியில், "அவனுக்கு லீவு கெடைக்கலயாம்" என்றேன். அண்ணன் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். சட்டையைக் கழற்றினார். "தனலெட்சுமி அக்காவுக்கு நான் கொள்ளி வக்கிறேன்" என்றார். தலையை மழித்துக்கொண்டு, உன் இடத்தில் நின்று எல்லாம் செய்தார்.

நீ கேட்ட ஒன்றே ஒன்றை நான் செய்யவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை.

ரூபினி


ஜொகூர் பாரு
19 ஜனவரி 2025

திருவுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. வராது என்று தெரியும். நீ சாப்பிடுகிறாய், தூங்குகிறாய் என்று மட்டும் யாராவது எனக்குச் சொன்னால் போதும்.

பதில் எதிர்பார்த்து இதை எழுதவில்லை. உனக்குத் தெரிந்தாக வேண்டிய ஒன்று இருக்கிறது. அம்மா போன பிறகு பிளாக்கில் ஒருவர்கூட உன்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பெற்ற தாய்க்கு வராத பிள்ளையை ஊர் சும்மா விடுமா? ஏசியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். பொறுக்கமாட்டாமல் போன வாரம் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"அண்ணே, திரு சிங்கப்பூர்ல இல்ல" என்றேன்.

"தெரியும்மா" என்றார்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். கேஸ் நடந்தபோது பேப்பரில் உன் படம் வந்ததாம். அன்றிலிருந்தே பிளாக் முழுக்கத் தெரியுமாம். அம்மா சிங்கப்பூர் என்று சொன்னார், அவர்களும் சிங்கப்பூர் என்றே பேசிக்கொண்டார்கள். பேச்சியம்மாள் அக்கா முறுக்கு கொடுத்ததும் தெரிந்துதான்.

"அப்ப அன்னைக்கு ஏண்ணே பாலத்துல ஜேம்னு சொல்லிக்கிட்டு நின்னீங்க?" என்று கேட்டேன்.

"ஜெயில் வண்டி வரும்னுதான்மா நின்னோம்" என்றார். "நீ சொல்லி அனுப்பியிருப்பே, கொஞ்சம் லேட்டாவுதுன்னு நெனச்சோம். உன் வாயால சொல்லாதத நாங்க எப்படிக் கேக்கறது? அதான் பாலம், ஜேம்னு எதையோ பேசிக்கிட்டிருந்தோம். வெலங்கோட வந்தா யாரும் போன எடுத்து படம் புடிக்கக் கூடாதுன்னு எல்லாருகிட்டயும் முன்னாடியே சொல்லி வச்சிருந்தேன்மா."

அவர் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து கத்தி அழுதேன். அவர்கள் எதையும் மறைக்கச் சொல்லவில்லை, திரு. நீ வருவதற்காக இடம் ஒதுக்கி வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். நான் ஒரு போன் போட்டிருந்தால், நீ வந்திருக்கலாம்.

மிஸ் ஷாமளாவிடமும் போய்ச் சொன்னேன். "தம்பி எங்க இருக்காருன்றத வச்சு நாங்க யாரையும் எடுக்கறதில்லையே, ரூபினி" என்றார். புத்தகத்தில் அந்த வரியைத் திருத்தப் போகிறார்கள். இரண்டாவது வருடத்துக்கு நீட்டித்துவிட்டார்கள். எதற்காகப் பயந்தேனோ அது என் கையில் பத்திரமாக இருக்கிறது. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் காலையில் கிருஷ்ணம்மாவுக்கு டயாலிசிஸ் இருக்கிறது, போய்த்தான் ஆக வேண்டும்.

எங்கே இருந்தாலும் நீ நன்றாக இரு.

ரூபினி


9 மார்ச் 2025

அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். தூங்குவதுதான் இல்லை. உனக்கு அங்கே யார் சமைக்கிறார்கள்?

உன் டிசம்பர் கடிதத்தை வாசித்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். அதற்கு அடுத்ததைப் பல நாள் பிரிக்கவே இல்லை. காளிதாஸ் அண்ணன்தான் பிரித்து வாசித்தார், நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு கேட்டேன். கடைசிப் பக்கத்தை அவராகவே இரண்டு தடவை வாசித்தார்.

உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் அப்படியே இருக்கிறது. நீ அழுதாய் என்பதால் அது குறையவில்லை, எப்போது குறையும் என்றும் எனக்குத் தெரியாது. இப்போதைக்கு என்னைப் பார்க்க வராதே. கடிதம் மட்டும் போடு. நான் படிப்பேன்.

அந்த மதியத்தைப் பற்றி அர்ச்சுனன் அண்ணன் சொன்னதை எழுதியிருந்தாயே, அதை மட்டும் காளிதாஸ் அண்ணனைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்கிறேன். இத்தனை வருடமாக என் கணக்கு வேறு. அந்த பிளாக்கில் எவனும் என்னை மனுஷனாக நினைக்கமாட்டான் என்றிருந்தேன். அடுத்த வருடக் கடைசியில் வெளியே வந்ததும் செனாய் பக்கம் யாருக்கும் தெரியாமல் ஒரு ரூம் எடுத்துத் தங்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். நான் என்ன செய்தேன் என்று தெரிந்தும் அத்தனை பேர் வெயிலில் எனக்காக நின்றிருக்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்காமல் நான் வேறு எங்கே போவேன்?

ஒன்பதாவது மாடிக்கே வருகிறேன், அக்கா. அம்மா இல்லாத வீடுதான், ஆனாலும் வருகிறேன். சமையலுக்கு ஆள் இல்லை என்று பட்டினி கிடக்காதே.

எனக்கு ஒரு சாவி வெட்டி அர்ச்சுனன் அண்ணனிடம் கொடுத்து வை. அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறேன்.

திரு